வார்னா அப்பா

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு மீன் ஒன்பது மாதம் படுத்திருந்தது. 2023 மே மாதம் உள்ளே போனது, 2024 பிப்ரவரியில் வெளியே வந்தது. நடுவில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது, புரட்டாசி வந்தது, தீபாவளி வந்தது. மீன் மட்டும் மைனஸ் 18 டிகிரியில் அசையாமல் கிடந்தது.

அது ஒரு தோமான். தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சொல்வதானால் விராலின் பெரிய அண்ணன். ஒரு மீட்டருக்கும் மேலே வளரும். வாயில் பல் வரிசையாக நிற்கும். விராலைப் போலவே காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் கரையில் போட்டாலும் சீக்கிரம் சாகாது. கோத்தா திங்கி பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் போகும் ஒரு கிளையாற்றில் அப்பா அதைப் பிடித்தார். மார்ச் மாத வெள்ளம் வடிந்து ஆறு பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்த நேரம். 84 சென்டிமீட்டர் நீளம், ஆறரை கிலோ. நாற்பது வருடம் தூண்டில் போட்டவருக்கு அதுதான் ஆகப் பெரிய மீன்.

ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது.

"ஐயா, எங்க இருக்க? சீக்கிரம் வீட்டுக்கு வா. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்துத்தான் மாசாய்க்கு வண்டியை ஓட்டினேன். வீட்டு வாசலில் அப்பாவும் அவருடைய கூட்டாளியும் ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி நின்றிருந்தார்கள். வால் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத வெட்டக் கூடாது. பாடம் பண்ணி மாட்டணும்" என்றார் அப்பா.

அவருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஜொகூர் பாரு பெரிய அரண்மனையிலுள்ள அபு பக்கார் அரச அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். 1866இல் கட்டிய மாளிகை. சுல்தான் இப்ராகிம் வேட்டையாடிய மிருகங்கள் அங்கே பாடம் செய்யப்பட்டு இருந்தன. புலியின் முன்னால் நான் பயந்து நின்றபோது, "கண்ண பாரு, கண்ணாடி" என்றார். கீழே வந்து கச்சான் வாங்கித் தந்தார். அன்றிலிருந்து பெரிய மீன் ஏதாவது தூண்டிலில் இழுத்துத் தப்பித்துப் போனால், "ராஜாவுக்குப் புலி, எனக்கு ஒரு தோமான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த ராத்திரி நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு.

நான் யூடிஎம்மில் மெக்கானிக்கல் படித்தவன். குளிர்சாதனக் கிடங்குகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். இறாலும் கோழியும் எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரத்தில் உறைய வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் எனக்குச் சம்பளம் தருகிறது. அப்படிப்பட்டவன் ஒரு மீனைத் தமிழ்ப் பேப்பரில் சுற்றி ஃப்ரீசருக்குள் வைத்தேன். அப்பா எப்போதும் மீனைப் பேப்பரில்தான் சுற்றுவார், நானும் யோசிக்கவில்லை. நல்ல வேளையாக வயிற்றை மட்டும் கீறவில்லை. அதுவும் அப்பாவுக்குத் தூக்கம் வந்துவிட்டதால் தப்பித்தது.

அம்மா சின்ன அளவில் சாப்பாட்டு ஆர்டர் எடுப்பவர். மேலே மூடி திறக்கும் பெட்டி ஃப்ரீசர் ஒன்று அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. தேங்காய்ப்பால், கோழி, உருட்டி வைத்த கரிபாப் எல்லாம் அதில்தான். 84 சென்டிமீட்டரை வளைக்காமல் படுக்கவைக்க வீட்டில் அதைவிட்டால் வேறு இடமில்லை. மறுநாள் காலை மூடியைத் திறந்த அம்மா போட்ட சத்தம் நான்கு வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

மூன்று நாள் கழித்து, கூலாய் பக்கம் மீன் பாடம் செய்யும் சீனர் ஒருவரின் எண் கிடைத்தது. மலாயில் பேசினேன். பேப்பரில் சுற்றினேன் என்று சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பழைய பில் ஒன்றின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

மீன் உயிரோடு இருக்கும்போதே வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்துவிட வேண்டும். நீளம் அளக்க வேண்டும். வயிறு பருத்த இடத்தில் சுற்றளவும் அளக்க வேண்டும். தலையில் அடிக்கக் கூடாது, கொக்கி மாட்டித் தூக்கக் கூடாது. வயிற்றைக் கீறவே கூடாது. அவர் வெட்டப்போவது சுவர் பக்கம் மறையும் பக்கவாட்டில். அதனால் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதோ அதை முதலிலேயே முடிவு செய்து, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடித்து, வால் மடங்காமல் இரண்டு பக்கமும் அட்டை வைக்க வேண்டும். நனைத்த துண்டால் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக்கில் காற்றில்லாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். சமமான இடத்தில் உறையும்வரை மேலே எதையும் வைக்கக் கூடாது.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் எனக்கு உடனே புரிந்தது, அதுதான் கூடுதல் வெட்கம். உறைந்த பொருளிலிருந்தும் நீர் போய்க்கொண்டே இருக்கும். பனிக்கட்டி தண்ணீராகாமலே ஆவியாகும். ஃப்ரீசரில் பல மாதம் கிடந்த கோழி வெளிறி, நார் நாராகப் போவது இதனால்தான். சதையில் அது ருசியைக் கெடுக்கும். பாடம் செய்யும் மீனில் முதலில் காய்வது மெல்லிய துடுப்புகள். காய்ந்தால் அப்பளம் மாதிரி ஒடியும். பேப்பரோ இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். நாங்கள் ஏற்றுமதி இறாலை உறையவைத்த பிறகு குளிர்ந்த நீரில் ஒரு முக்கு முக்கி எடுப்போம். மேலே மெல்லிசாக ஒரு பனிப்படலம் சேரும். ஆவியாவதென்றால் முதலில் அந்தப் படலம்தான் போகும், உள்ளே இறால் தப்பிக்கும். ஈரத்துண்டு செய்வதும் அதே வேலைதான்.

அன்று சாயங்காலம் நானும் அப்பாவும் மீனைக் குளியலறைக்குத் தூக்கிப்போனோம். முழுவதும் உருகவிடக் கூடாது, பேப்பர் மட்டும் கழன்று வர வேண்டும். குழாய்த் தண்ணீரைச் சன்னமாக விட்டு, அப்பா விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். கப்பல் பட்டறையில் இருபத்தேழு வருடம் பெயிண்ட் அடித்தவர். உரிந்துவரும் எதையும் எப்படி உரிப்பது என்று அந்தக் கைக்குத் தெரியும்.

வெள்ளை வயிற்றின்மேல் எழுத்துகள் இறங்கியிருந்தன. கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிய தமிழ் எழுத்துகள். ஒரு 'கா' தெளிவாகத் தெரிந்தது. கீழே சின்ன எழுத்தில் மரண அறிவிப்புப் பக்கத்தின் ஒரு மூலை.

"பரவால்ல, தமிழ் மீனு" என்றார் அப்பா.

இந்த இடத்தில் வேறொரு மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1938 டிசம்பர் 22 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக ஊரில், அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் ஓர் இழுவைப் படகின் மீன் குவியலில் விசித்திரமான மீன் ஒன்றைப் பார்த்தார். ஒன்றரை மீட்டர் நீளம், நீல நிறம், கைகால் போலத் தடித்த துடுப்புகள். டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். வைக்க இடமில்லை. பிணவறையில் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஊரில் இருந்த குளிர்பதனக் கிடங்கும் மறுத்துவிட்டது. பாடம் செய்யும் ராபர்ட் சென்டர் என்பவரிடம் கொண்டுபோய், ஃபார்மலினில் நனைத்த துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றி வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் கோடைக்காலம். சில நாளில் மீன் கெடத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் தோலை உரித்துப் பாடம் செய்தார்கள், உள்ளுறுப்புகள் போயின. எலும்பையும் செவுளையும் பத்திரப்படுத்துங்கள் என்று ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீனியல் அறிஞரின் தந்தி வந்தபோது காலம் கடந்திருந்தது. சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக உலகம் நினைத்த சீலகாந்த் மீன் அது. அவர் அது என்னவென்று கண்டுபிடிக்க முதலில் உதவியது மார்ஜரி கையால் வரைந்து அனுப்பிய ஓர் எளிய படமும் அதோடு எழுதிய குறிப்பும்தான்.

ஒரு ஃப்ரீசர் இருந்திருந்தால் என்று இதைப் படித்தபோதெல்லாம் என் தொழில்புத்தி சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஃப்ரீசர் இருந்தது. அம்மாவும் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்துவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கூலாய்க்காரரிடம் ஏற்கெனவே நிறைய மீன்கள் வரிசையில் இருந்தன. "அவசரமில்லை, ஒழுங்காகச் சுற்றியிருந்தால் பல மாதம் தாங்கும்" என்றார். அப்பாவும் போனஸ் வரட்டும், பிறகு கொடுக்கலாம் என்றார். போனஸ் எனக்கு வர வேண்டியது.

ஆகஸ்டில் ஒரு விடிகாலை அப்பா கட்டிலிலிருந்து எழ முயன்று விழுந்தார். மூளையின் இடது பக்கம் அடைப்பு. உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பாதி வேலைநிறுத்தம் செய்தன. பேச்சு போய்விட்டது. நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில் மட்டும் வராது. வாயைத் திறப்பார், சொல் வராது. கொஞ்ச நேரம் தேடுவார். பிறகு இடது கையால் 'போகட்டும்' என்பதுபோல் காட்டுவார்.

மருத்துவமனையில் இருந்து வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு மக்சிக் ஹருவான் சூப் வைத்துக் கொடுக்கச் சொன்னார். அறுவை சிகிச்சை, பிள்ளைப்பேறு எதுவாக இருந்தாலும் இந்த நாட்டில் மூன்று இனத்தவரும் ஒத்துப்போகும் வைத்தியம் விரால் சூப். அம்மா என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ பெரிய மீன உள்ள வெச்சிக்கிட்டு பசார்ல போயி வெரா வாங்கணுமா?"

"அத சாப்பிட முடியாதும்மா. கொடல் எடுக்காம மூணு மாசமா கெடக்கு."

அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பசாருக்குப் போய் விரால் வாங்கி வந்தார்.

புரட்டாசி தொடங்குவதற்கு முதல் நாள் அம்மா ஃப்ரீசரை வழக்கம்போல் காலி செய்து கழுவினார். கோழியெல்லாம் தீர்ந்துவிட்டது. மீன் மட்டும் எங்கே போகும்? நான் வேலையிடத்துக் கிடங்கில் வைக்கட்டுமா என்று கேட்டேன். ஏற்றுமதிச் சரக்குக்கு நடுவில் தனியாள் மீனை வைத்தால் வேலை போகும், இருந்தாலும் கேட்டேன். அம்மா அதை மஞ்சள் துணி ஒன்றில் மறுபடி சுற்றி, அதே மூலையில் வைத்து, நடுவில் ஓர் அட்டையைச் செருகினார்.

"புரட்டாசியில மீனு இருக்கலாமாம்மா?"

"அது மீனு இல்ல. ஒங்கப்பா சாமான்."

ஒருமுறை தாமானில் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. மூடியைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி காலியானது ஒரு நாள். எனக்கு இது தெரியும். இருந்தும் இருட்டில் போய் மூடியின் மேல் இரண்டு கம்பளியைப் போட்டேன். அம்மா மெழுகுவத்தியோடு வந்து பார்த்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிப்ரவரியில் முறை வந்தது. போலிஸ்டிரின் பெட்டியில் வைத்து கூலாய்க்குக் கொண்டுபோனேன். பட்டறையில் எங்கும் தோமான், சியாகாப், ஒரு ராட்சத இறால். மீன்களின் தோலுக்கு உள்ளே இருப்பது செதுக்கிய ஃபோம். மீனின் மறைபக்கத்தில் கீறித் தோலைக் கழற்றி, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டி, போராக்ஸ் தடவி, மீனின் அளவுக்கே செதுக்கிய ஃபோமின் மேல் ஒட்டித் தைப்பார். துடுப்புகளை விரித்து அட்டைக்கு இடையில் குத்தி வைப்பார். பல வாரம் காய வேண்டும். காய்ந்து முடிந்த தோல் கருவாட்டு நிறத்தில் இருந்தது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியவில்லை. அதன்மேல்தான் அவர் பெயிண்ட் அடிக்கிறார். கண் கண்ணாடி.

"அப்படியானால் மீனில் மிச்சம் என்ன?" என்று கேட்டேன்.

"தோல், தலை, துடுப்பு" என்றார். சிலர் அதுவும் வேண்டாம் என்று மீனை அளந்து, படம் எடுத்து, ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்களாம். அளவை வைத்து ஃபைபர் கிளாஸில் முழு மீனையும் செய்துவிடலாம். வீட்டுச் சுவரில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வெள்ளம் வடிந்த ஆற்றையும், வாசலில் நின்ற இரண்டு கிழவர்களையும் நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். நாங்கள் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நீளம் எழுதினார், சுற்றளவு எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"வார்னா அப்பா?"

மலாயில் 'என்ன நிறம்?' இந்த நாட்டில் பிறந்த எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் சின்ன வயதில் இந்த வார்த்தையை வைத்துச் சிரித்திருப்போம். மலாயில் அப்பா என்றால் 'என்ன'. நான் அன்று ஒரு நொடி தடுமாறினேன்.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ராத்திரியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தது. மீன் வெள்ளைத் தகடு மாதிரி பளிச்சென்று எரிந்துபோயிருந்தது. அதற்குப் பின்னால் அப்பாவின் பல் தெரியும் சிரிப்பு. மீனின் நிறமிச் செல்கள் உயிர் இருக்கும்வரை நரம்பின் சொல் கேட்கும். செத்ததும் நிறம் மாறத் தொடங்கிவிடும். நான் வீட்டுக்கு வந்து பார்த்தது ஐஸில் கிடந்த மீன், கரும்பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒன்று. ஆற்றுக்கு ஆறு தோமானின் நிறம் மாறும் என்றார் அவர். கறுப்பு உண்டு, பச்சை உண்டு, நீலம் உண்டு. பொதுவாக ஒரு நிறம் அடித்துத் தரவா, இல்லை தெரிந்தவரைக் கேட்டு வருகிறாயா?

தெரிந்தவர் ஒருவர்தான். கூட்டாளியைக் கேட்டேன். "கறுப்புத்தான்டா தம்பி, நல்ல கறுப்பு. நான் வந்தப்ப சூரியன் போயிடுச்சு" என்றார்.

பெயிண்ட் கடையில் நிப்பான் நிற அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்குப் புரிந்தது, முகம் மாறியது. அட்டையை மடியில் விரித்தேன். நீல வரிசை. தலையை ஆட்டினார், இல்லை. பச்சை வரிசை, இல்லை. கறுப்பைக் காட்டியபோது கோபமே வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்தேன். இல்லை, இல்லை. வாய் திறந்தது. "ப… ப…" என்று வந்து நின்றது. அட்டையை இடது கையால் தள்ளிவிட்டார். தரையில் விழுந்தது.

"மறந்துபோயிருக்கும், விடு" என்றார் அம்மா மெதுவாக.

அப்பா அம்மாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை நீட்டி ஒரு கத்திரிக்காயை எடுத்தார். அம்மா பிடுங்கப் போனார். நான் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே மெதுவாகத் திருப்பினார். கருமையாக இருந்த காயின் ஓரத்தில் ஊதாவாக ஒரு கோடு ஓடியது. திருப்பினார், மறைந்தது. மறுபடி திருப்பினார், வந்தது. என்னைப் பார்த்தார்.

"கத்திரிக்கா கலரா?" என்றார் அம்மா.

அப்பா காயைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீனின் மினுமினுப்பு பெரும்பாலும் சாயத்தால் வருவதல்ல. தோலுக்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒளி அதில் பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப வேறு வேறாகத் திரும்பும். நிற அட்டையின் எந்தக் கட்டத்திலும் அது இருக்காது. இருபத்தேழு வருடம் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவரிடம் நான் சப்பையான கட்டங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதையும் மறந்திருக்கவில்லை. நான் கேட்டதுதான் தப்பு.

அன்று இரவே கத்திரிக்காயை ஜன்னலில் வைத்துத் திருப்பி வீடியோ எடுத்து கூலாய்க்கு அனுப்பினேன். "ஓ, முத்துப் பொடி கலக்க வேண்டும்" என்று பதில் வந்தது. கூடவே ஒரு சிரிப்பு முகம்.

ஜூலையில் மீன் வீட்டுக்கு வந்தது. ஒன்பது மாதம் அடைத்துக்கொண்டிருந்த மூலையில் அதற்குள் மறுபடி கரிபாப் ஏறிவிட்டது. அம்மா மீனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சதைய என்னா பண்ணாங்க?"

"தூக்கிப் போட்டுட்டாங்கம்மா."

"ஆறு கிலோ" என்றார். பிறகு முந்தானையால் கண்ணாடிக் கண்ணை லேசாகத் துடைத்தார்.

வயிற்றில் இருந்த எழுத்துகளைப் பெயிண்ட் மூடிவிட்டது. அடியில் ஒரு திரும்பிய 'கா' இருக்கிறது என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். அவரால் அதை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

கூடத்தில் சாமிப் படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். ராத்திரி விளக்கைப் போட்டபோது வெறும் கறுப்பாகத் தெரிந்தது. அப்பா நாற்காலியில் இருந்தபடி முகத்தைச் சுளித்தார். நின்று எரியும் சின்ன விளக்கு ஒன்றை ஸ்டூல் மேல் வைத்துக் கொண்டுவந்தேன். வலது பக்கம் வைத்தேன், இல்லை. கொஞ்சம் கீழே இறக்கினேன். முதுகோரத்தில் ஊதா ஒரு முறை மின்னிப் போனது.

"இப்ப சரியாங்க?" என்று கேட்டார் அம்மா.

அப்பா தலையாட்டவில்லை. இடது கையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று காட்டினார். நான் ஸ்டூலை நகர்த்தினேன்.